ஒலிபெருக்கியில் சொன்ன பெயர்

எங்கள் ஊர் ஹுச்சித்தானில் செய்தித்தாள் விற்க வாய் வேண்டும். ஃபிதென்சியோவுக்கு அது இருந்தது. மூன்று சக்கர மிதிவண்டியில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு, அன்றைய செய்தியை ஊர்மக்கள் பேசும் சபோத்தேக் மொழியில் கூவியபடி தெருத்தெருவாகப் போவார். செய்தித்தாளின் ஸ்பானிஷ் அவருக்கு அரைகுறை, வாசிக்கத் தெரியாது. அதனால் காலையிலேயே எங்கள் அச்சகத்துக்கு வந்துவிடுவார். பக்கம் வடிவமைக்கும் நான் தலைப்புகளை அவர் மொழியில் சொல்வேன். நான் சொன்ன ஒரு வரி, அவர் சந்தைக்குப் போவதற்குள் நாலு வரியாகியிருக்கும். காணாமல் போன பன்றிக்குக்கூட வம்சாவளி சொல்வார். "பேப்பர் வேணாம், இன்னொரு தரம் கூவிட்டுப் போ" என்பார்கள் இறால் விற்கும் பெண்கள்.

ஞானஸ்நானத்தில் அவர் கையில் ஏந்திய ஞானமகன் நெரேயோ எங்கள் நிருபன். சந்தைக் கடைகளில் மாமூல் வசூலிக்கும் கும்பலையும், அதில் பங்கு வாங்கும் அதிகாரிகளையும் பற்றி ஐந்து மாதம் விசாரித்து எழுதினான். இப்படிப்பட்ட செய்திகளுக்கு நாங்கள் எழுதியவர் பெயர் போடுவதில்லை. தலைப்பைச் சொன்னதும், யார் எழுதியது என்று கேட்டார் ஃபிதென்சியோ. அவர் பெருமைப்படட்டுமே என்று நெரேயோவின் பெயரைச் சொல்லிவிட்டேன். வெளியே சொல்லாதீர்கள் என்று சொல்லத் தோன்றவில்லை.

அரை மணி நேரத்தில் ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது.

"எழுதினவன் யாருன்னு நெனச்சீங்க? நம்ம நெரேயோ, என் ஞானப்புள்ள!"

காலி வண்டியோடு அவர் திரும்பியபோது நெரேயோ அச்சக வாசலில் நின்றிருந்தான்.

"என்ன ஞானப்பா, பேரைச் சொல்லிட்டீங்களே."

"ஏன்டா, ஊருக்கே தெரிஞ்சதுதானே? உன்னை விட்டா வேற எவனுக்கு அந்தத் துணிச்சல்?"

"தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்லல, அவ்வளவுதான்."

ஃபிதென்சியோவின் முகம் வாடிப்போயிற்று. நெரேயோதான் சிரித்து, தோளில் கைபோட்டு அவரைச் சாப்பிட அழைத்துப் போனான். நாலாம் நாள் காலை, வீட்டு வாசலில் அவனைச் சுட்டுக் கொன்றார்கள்.

கும்பலுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்று எல்லோரும் ஃபிதென்சியோவைத் தேற்றிப் பார்த்தார்கள். அவர் காதில் வாங்கவில்லை. விசாரணை அலுவலகத்துக்குத் தானாகவே போனார். மொழிபெயர்க்க என்னைக் கூட்டிப்போனார். பெயரைக் கூவியது தான்தான் என்றார். அது குற்றமில்லையே என்றார் எழுத்தர்.

"குத்தமா இல்லையான்னு கேக்கலீங்க. எழுதிக்கங்க."

எழுத்தர் எழுதினார். பிறகு, அவன்தான் எழுதியது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று கேட்டார். கேள்வியைச் சபோத்தேக்கில் சொன்னேன். ஃபிதென்சியோ என் பக்கம் திரும்பவில்லை.

"சந்தையில பேசிக்கிட்டாங்க."

நான் அதை ஸ்பானிஷில் சொன்னேன்.