கை எடுத்தால் நிற்கும்

என் அலமாரியில் ஒரு பித்தளைக் கைப்பிடி இருக்கிறது. திண்டுக்கல்லில் பூட்டு செய்கிற ஒருவர் அறுபதுகளில் அரம் போட்டு இழைத்தது. நான் அப்போது அந்த ஊர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே அறை நர்ஸ்.

சுருட்டுப் பழக்கத்தால் பூட்டுக்காரருக்குக் கால்விரல்கள் கறுத்துவிட்டன. காலை எடுப்பது உறுதி. முழங்காலுக்குக் கீழேயா மேலேயா என்பதுதான் கேள்வி. கீழே என்றால் கட்டைக்காலோடு பட்டறையில் நிற்கலாம். ரத்தக்குழாய் எதுவரை திறந்திருக்கிறது என்று பார்க்க, டாக்டர் தொடை வழியே மெல்லிய குழாய் செருகி, படத்தில் தெரியும் மருந்தைக் கட்டைவிரலால் அழுத்தினார். தேன் மாதிரிக் கெட்டி மருந்து, மெதுவாகத்தான் இறங்கியது. அதற்குள் ரத்தம் அதைக் கரைத்துவிட, படத்தில் வெறும் மங்கல்.

படுத்திருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். "அம்புட்டுத்தான? வேகமா, சீராத் தள்ளணும். நான் செஞ்சு தாரேன்" என்றார்.

வலிக்கிற காலைத் தொங்கப் போட்டுக்கொண்டே ஒரு இயந்திரம் செய்தார். சாவியைத் திருப்பினால் எடைக்கல் இறங்கி, நெம்புகோல் ஊசியை அழுத்தும். தண்ணீர் ஊற்றிச் சோதித்தோம். பாதியில் குழாய் கழன்று டாக்டர் மூக்குக்கண்ணாடியெல்லாம் தண்ணீர். இயந்திரம் பாட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தது. நடுவில் எப்படி நிறுத்துவது என்று டாக்டர் கேட்டார். பூட்டுக்காரருக்கு முகம் செத்துவிட்டது. பூட்டு என்றால் நாக்கு முழுசாகப் போய் விழவேண்டும். பாதியில் நிற்கிற பூட்டை அவர் ஆயுளில் செய்ததில்லை.

நாலாம் நாள் இந்தக் கைப்பிடியோடு வந்தார். அழுத்தியிருக்கும் வரை ஓடும், கை எடுத்தால் நிற்கும். முதலில் வேறு யாருக்காவது பார்க்கலாமே என்று டாக்டர் தயங்கினார். "நான் செஞ்ச பூட்ட நான் தொறந்து பாக்காம யாருட்டயும் குடுத்ததில்லங்கய்யா" என்று சொல்லிவிட்டு மேசையில் ஏறிப் படுத்தார்.

கைப்பிடி என் கையில். மருந்து பாய்ந்ததும் கால் முழுக்கத் தீயாய் எரிந்திருக்கும். பல்லைக் கடித்து முனகினார். எனக்குப் பயத்தில் விரல்கள் தளர்ந்தன.

"விட்றாத தாயி" என்றார்.

நான் விடவில்லை. படம் பளிச்சென்று விழுந்தது. முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் வரை ரத்தம் போக வழி இருந்தது. முழங்கால் தப்பியது. அதன் பிறகு பல வருஷம் கட்டைக்காலோடு பட்டறையில் நின்றார். இயந்திரம் ஓய்ந்தபோது கைப்பிடியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

போன மாதம் மதுரையில் எனக்கும் அதே சோதனை. சர்க்கரை என் காலையும் விடவில்லை. இப்போது எல்லாம் கம்ப்யூட்டர்; இளம் டாக்டர் கையில் ஒரு பொத்தான். கை எடுத்தால் நிற்குமா என்று கேட்டேன். நிற்கும் என்றார். கொஞ்ச நேரத்தில் தொடையிலிருந்து அந்தத் தீ இறங்கியது. என்னையறியாமல் முனகிவிட்டேன் போலிருக்கிறது, அவர் பதறிப்போய் என் முகத்தைப் பார்த்தார்.

"விட்றாதப்பா" என்றேன்.