கீழ வாசல் என்று மட்டும் சொல்லாதீர்கள்: மதுரையில் ஒரு நாள்

போன தை மாதம் ஒரு புதன்கிழமை, கடையைப் பூட்டிவிட்டு மதுரையைச் சுற்றிப் பார்க்கப் போனேன். சிரிக்காதீர்கள். எனக்கு ஊர் மேலூர். மதுரைக்கு முப்பது கிலோமீட்டர். மளிகை மொத்த வியாபாரம். மதுரைக் கீழ மாசி வீதியில் மூட்டை தூக்கித்தான் தொழில் பழகினேன், இன்றைக்கும் வாராவாரம் அங்கேதான் கொள்முதல். ஆனால் ஒரு விருந்தாளிக்கு அந்த ஊரைச் சுற்றிக் காட்டியதில்லை. காட்டாததற்குத்தான் பேச்சு வாங்கிக்கொண்டிருந்தேன்.

மகளைச் சென்னையில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். கல்யாணம் மேலூரில். முகூர்த்தம் முடிந்ததும் சம்பந்தி வீட்டாரை அன்றைக்கே ரயிலேற்றிவிட்டேன். அதிலிருந்து சம்பந்தி அம்மாள், "மதுரைக் கல்யாணம்னு கூட்டிட்டுப் போனாங்க, கோபுரத்தோட நுனியைக்கூடக் காட்டல" என்று விசேஷத்துக்கு விசேஷம் சொல்வார். சொல்வது என்னை, கேட்பது என் மகள். அதனால் சம்பந்தியும் அவர் மனைவியும் ஒருநாள் வருவதாகச் சொன்னதும், அன்றோடு அந்தப் பேச்சை முடித்துவிடுவது என்று இறங்கினேன்.

திட்டத்தில் குறையில்லை, நீங்களும் எடுத்துக்கொள்ளலாம். கோயில் பகல் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் மாலை நான்கு மணிக்குத்தான் திறக்கும். அதனால் காலையில் கோயில், பிறகு நாயக்கர் மகால், சாயங்காலம் தெப்பக்குளம், இரவு ரயில். அவர்கள் காலையில் இறங்கிக் குளித்துக் கிளம்ப ரயில் நிலையத்துக்கு எதிரே அறை. கோயில் ஒரு கிலோமீட்டர்தான். காலையிலேயே சம்பந்திக்குப் போன் போட்டேன். "பத்து மணிக்குக் கீழ வாசல்ல நில்லுங்க சம்பந்தி, நாங்க வந்துர்றோம்." வியாபாரிக்குப் போனில் சுருக்கமாகப் பேசித்தான் பழக்கம்.

நானும் மனைவியும் மேலூரிலிருந்து மாட்டுத்தாவணி வந்து, டவுன் பஸ் பிடித்துச் சிம்மக்கல்லில் இறங்கி நடந்தோம். பத்து நிமிட நடை. இதற்கெல்லாம் ஆட்டோ பிடித்துக் காசை விடாதீர்கள். கோயிலின் கிழக்கு வாசலில் அரைமணி நேரம் நின்றோம். ஆளைக் காணோம்.

"போனைப் போட்டுப் பாருங்களேன்" என்றாள் மனைவி.

"போனை வாங்கி வச்சுக்கிட்டுத்தானடி உள்ள விடுவாக. அவுக உள்ள போயிருப்பாக. அடிச்சா யாரு எடுப்பா?"

எங்கள் போன்களையும் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொண்டு உள்ளே போய், பொற்றாமரைக் குளம் முதல் ஆயிரங்கால் மண்டபம் வரை தேடினோம். வெளியே வந்து போனை வாங்கும்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. சம்பந்தி எட்டு முறை கூப்பிட்டிருந்தார்.

"எங்கங்க இருக்கீங்க?" என்றார், எடுத்த எடுப்பில்.

"கீழ வாசல்லதான் சம்பந்தி."

"நாங்களும் கீழவாசல்லதாங்க நிக்கிறோம்! பத்து மணியிலேர்ந்து!"

"கோபுரம் தெரியுதா?"

"சர்ச்சு தெரியுது."

எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் பக்கம் மேற்கை மேல என்போம், கிழக்கைக் கீழ என்போம். கோயிலின் கிழக்கு வாசல் எனக்குக் கீழ வாசல். ஆனால் அங்கிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி, கீழவாசல் என்றே ஒரு பேருந்து நிறுத்தமும் இருக்கிறது. நான் கோயில் என்ற சொல்லை விழுங்கிவிட்டேன். ஆட்டோக்காரர் அவர்களை அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். போனுக்குள் பின்னாலிருந்து சம்பந்தி அம்மாள் குரல்: "கல்யாணத்துக்கு மேலூர், இப்ப சர்ச்சு. கோபுரத்துக்கு நமக்குக் கொடுப்பினை இல்லைங்க."

ஓடிப்போய் ஓர் ஆட்டோவில் ஏறினோம். "கீழவாசல் போப்பா."

"பஸ் ஸ்டாப்பாண்ணே, கோயில் வாசலா?"

"இந்தக் கேள்விய எங்க சம்பந்தியக் கூட்டிட்டுப் போனவன் கேட்டிருக்கக் கூடாதா?"

"அவுக கோயில்னு சொன்னாத்தேண்ணே கேப்பான்."

"இவரே அவுககிட்டச் சொல்லல" என்றாள் மனைவி.

அவர்களைக் கோயிலுக்கு இழுத்து வந்தால் நடை சாத்தியிருக்கும். ஒரு சரக்கு நகரவில்லையென்றால் அடுத்த சரக்கை முன்னால் எடுத்து வைப்பதுதான் வியாபாரம். கீழவாசலிலிருந்து மகால் நடக்கும் தூரம். எங்களுக்குக் கீழ என்றால் கிழக்கு என்று வழியெல்லாம் விளக்கிக்கொண்டே அங்கே கூட்டிப்போனேன். சம்பந்தி அம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டே நடந்தார்.

சம்பந்தி கட்டட ஒப்பந்தக்காரர். உள்ளே அந்தத் தூண்களைக் கண்டதும் கோபத்தை மறந்து ஒன்றைக் கட்டிப்பிடித்தார். பாதிகூட எட்டவில்லை. "அந்தப் பக்கம் வந்து கையைக் கொடுங்க சம்பந்தி" என்றார். ஒரு பக்கம் கை கோத்துக்கொண்டோம். மறுபக்கம் இன்னும் இடைவெளி. என் மனைவி வந்து என் கையைப் பிடித்தாள். இன்னும் ஒரு முழம் பாக்கி. சம்பந்தி அம்மாள் சுற்றும் முற்றும் பார்த்தார். பிறகு கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு வந்து ஒரு கையால் கணவரையும் மறு கையால் என் மனைவியையும் பிடித்தார். உடனே காவலாளி விசில் ஊதினார். "தூணை விடுங்கய்யா! இம்புட்டு வயசுல என்ன வெளாட்டு?" அம்மாளுக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

சம்பந்தி கறிதோசை கேட்டார். கோயில் பாக்கி இருந்ததால் மத்தியானம் சைவம்தான். கறிதோசையை ரயிலுக்கு முன்னால் முடித்துக்கொண்டோம். நான்கு மணிக்கு அதே கிழக்கு வாசலில் நின்றோம். சம்பந்தி அம்மாள் கழுத்து வலிக்கிற வரைக்கும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்தார். "கீழ நின்னு மேல பாக்கறோமே, அதனாலதான் இது கீழ வாசலா?" என்று கேலியாகக் கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். தெப்பக்குளத்துக்கு நேரமில்லை.

போகிறவர்களுக்கு என் கணக்கு இதுதான்: கோயிலையும் மகாலையும் ஒரே காலையில் திணிக்காதீர்கள். பிரிந்தால் சேருமிடத்தை, போனைக் கொடுப்பதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். அந்த இடத்தை முழுப் பெயராகச் சொல்லுங்கள்: கோயில், கிழக்குக் கோபுரம். ஊர் தெரிந்தவன் சொல்வது ஊர் தெரியாதவருக்கு வழி ஆகாது.

இரண்டு நாள் கழித்து மகள் போன் செய்தாள். "அப்பா, நேத்து வீட்டுக்கு வந்தவுககிட்ட அத்தை என்ன சொன்னாங்க தெரியுமா?"

"மறுபடியும் அந்தக் கோபுரப் பேச்சா?"

"அந்தப் பேச்சே இல்லப்பா. மதுரையில கீழன்னா கிழக்கு, போயி ஏமாந்துராதீகன்னு ஒரு மணி நேரம் பாடம். இப்ப வீட்லயும் அதேதான். சீப்பு எங்கே அத்தைன்னு கேட்டா மேலங்கிறாங்க. நான் மேக்கால போயித் தேடிக்கிட்டு இருக்கேன்."