ஓசிக் கட்டில்

அன்னவாசல் கடைத்தெருவில் இருபது வருடத்துக்கு மேலாக ரவிக்கை தைக்கிறேன். பெடலை மிதித்து மிதித்து வலது முட்டி வீங்கிப்போயிருந்த சமயத்தில்தான் பக்கத்து வளையல் கடை அக்கா வந்தார். மருந்துக்கடை மாடியில் வலிக்கு மின்சாரத்தில் சூடு கொடுக்கிற கட்டில் போட்டிருக்கிறார்களாம், எத்தனை நாள் வேண்டுமானாலும் இலவசமாகப் படுக்கலாமாம்.

"ஓசியில படுக்க வச்சு அவங்களுக்கு என்னக்கா வருது?" என்று கேட்டேன்.

"நீயே வந்து கேட்டுக்க" என்று இழுத்துக்கொண்டு போனார்.

மாடிப்படி முடிகிற இடத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் நின்றாள். மணமேல்குடிப் பக்கத்துப் பெண். வருகிற ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து ஏற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் அதையே கேட்டேன்.

"ஒங்களுக்கு நல்லாருந்தா நாலு பேருகிட்ட சொல்லுவீங்கள்ல, அது போதும்மா. இங்கிட்டு வாங்க, செருப்ப நான் எடுத்து வைக்கிறேன்."

அதுவரை என் செருப்பை யாரும் எடுத்து வைத்ததில்லை. அதுவே எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆனாலும் தினமும் போனேன். நாற்பது நிமிடம் முதுகுக்கடியில் இதமாகச் சூடு ஓடும். அந்தப் பெண் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து குடும்பத்தை விசாரிப்பாள். பிறகு போய் ஒரு நோட்டில் எழுதுவாள். அதைப் பார்த்த அன்றே உஷாராகிவிட்டேன். "மகன் என்னம்மா பண்றாரு?" என்று அவள் கேட்டபோது, துபாயில் இருக்கிறவனை, "திருப்பூர்ல பனியன் கம்பெனி. பாதி நாள் வேலை இருக்காது" என்று சொல்லிவைத்தேன்.

ஒரு நாள் கட்டிலிலிருந்து எழுந்து உட்கார்ந்தால் எதிரே கேக். எல்லாரும் கைதட்டிப் பாடினார்கள். பேர் பதியும்போது வாங்கிய ஆதார் நகலிலிருந்து பிறந்த நாளை எடுத்திருக்கிறார்கள். அது பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் போட்டுவிட்ட தேதி. நான் பிறந்தது ஐப்பசியில். சொல்ல வாய் வரவில்லை. அந்தப் பெண் ஒரு துண்டை ஊட்டிவிட்டாள், எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்கு வந்து என் மேலேயே எரிச்சல்பட்டேன். ஒரு துண்டு கேக்குக்கா விழுந்துவிட்டோம்? மறுநாளே, தொளதொளவென்று தொங்கிய அவளுடைய யூனிஃபார்ம் சுடிதார் ஒன்றை வாங்கிவந்து இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அப்புறம்தான் நிம்மதியாகப் படுக்க முடிந்தது.

மூன்றாவது மாதம் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்கள். ஒவ்வொருவராக எழுந்து வலி போன கதையைச் சொன்னார்கள். கடைசியில் மேனேஜர் கட்டிலின் விலையைச் சொன்னார். லட்சத்துக்கு மேல். இத்தனை நாள் கைபிடித்து ஏற்றிவிட்ட பிள்ளைகள் ஆளுக்கொருவராக எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள்.

"இந்தப் புள்ளைக மூஞ்சிக்காகவாச்சும் எடுக்கணும்டி" என்று என் காதில் சொல்லிவிட்டு, வளையல் கடை அக்கா கையைத் தூக்கிவிட்டார்.

என் பக்கத்தில் அந்தப் பெண். வேண்டாம் என்பதை எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் விண்ணப்பத் தாளைக் காட்டுவது போலக் குனிந்து மெல்லச் சொன்னாள்:

"வாங்காதீங்கம்மா. ஒங்க வீக்கத்துக்கு இது கேக்காது. புதுக்கோட்டை பெரியாஸ்பத்திரில எலும்பு டாக்டர பாருங்க."

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இது என்ன புது வழி என்றுதான் தோன்றியது. நாளைக்கே முட்டிக்குப் போடுகிற விலை குறைந்த பெல்ட் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டுவாள் என்று காத்திருந்தேன். இரண்டு வாரமாகியும் பெல்ட் வரவில்லை. அப்புறம் வேறொன்று குடைந்தது. காசில்லாதவள் என்று என்னைக் கழித்துவிட்டாளோ? கேட்டேவிட்டேன்.

"எம் மவனுக்கு வேலை இல்லைன்னுதானே என்னைய விட்டுட்ட?"

சிரித்தாள். "ஒங்க மகன் துபாய்ல இருக்கது மொத வாரமே தெரியும்மா. வளையல் கடை அம்மா சொல்லிட்டாங்க. நோட்டுல திருப்பூருன்னே விட்டுட்டேன்."

அடுத்த வாரமே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், முதலில் பெடல் மிதிப்பதை நிறுத்தச் சொன்னார். மெஷினுக்கு மோட்டார் மாட்டினேன். வீக்கம் மெல்ல வடிந்தது. அவளிடம் சொல்லலாம் என்று மாடிக்குப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. கட்டில்களோடு எல்லாரையும் அரிமளத்துக்கு மாற்றிவிட்டார்களாம்.

சில மாதம் கழித்து அவளே போன் செய்தாள். அந்த வேலையை விட்டுவிட்டு அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில் இருக்கிறாளாம். ஜவுளிக்கடை என்றதும் சந்தேகம் மறுபடி முழித்துக்கொண்டது. தள்ளுபடி, பரிசுக் கூப்பன் என்று எதையாவது எடுப்பாள் என்று ம் கொட்டிக்கொண்டே இருந்தேன்.

"எங்கம்மாவுக்கும் ஒங்கள மாதிரியே முட்டி வீங்கிருக்கும்மா. எலும்பு டாக்டரு என்னைக்கு இருப்பாரு?"

"வியாழக்கிழமை கூட்டிட்டு வா. நான் முன்னாடியே போயி சீட்டுப் போட்டு வைக்கிறேன்" என்றேன்.

வியாழக்கிழமை வரிசையில் நின்று சீட்டு வாங்கிய பிறகும், அவள் வரமாட்டாள், வந்தாலும் என்னிடம் விற்பதற்குப் பையில் ஏதாவது இருக்கும் என்றே மனம் சொல்லிக்கொண்டிருந்தது. பத்து மணி வாக்கில் அம்மாவைத் தாங்கிப் பிடித்தபடி வந்தாள். தோளில் தண்ணீர் பாட்டில் மட்டும் தொங்கியது. அந்த அம்மா உட்காருவதற்காகப் பெஞ்சில் என் இடத்தை விட்டு எழுந்துகொண்டேன்.