என் பூட்டுக்குக் காவல் நின்ற அண்ணன்

ஓராண்டு நினைவு நாளுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் முதலிலேயே ஒரு மன்னிப்பு. அடக்கமாக எழுத வேண்டும் என்று சொல்லித்தான் அண்ணியார் இந்தப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு அது வராது. எங்கள் அண்ணனைப் பற்றி வாயெடுத்தாலே உற்சாகம் பொங்கிவிடும். துக்க வீட்டிலேயே அவர் கதையைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைத்தவன் நான். அது தெரிந்தும் பேனாவை நீட்டியது அண்ணியார் செய்த தப்பு.

அண்ணன் பிறந்தது ஆலங்காயம் பக்கத்தில், மலையடிவாரத்தில். வீட்டுக்கு மூத்தவர். நான் கடைக்குட்டி, எங்களுக்குள் பன்னிரண்டு வயது இடைவெளி. அப்பா சீக்கிரமே போய்விட்டார். ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் படித்த கையோடு அண்ணன் ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் வேலைக்குச் சேர்ந்தார். அக்கா கல்யாணம் அவர் உழைப்பில்தான் நடந்தது. என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தார். அதற்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை, அதற்கு அவர் பொறுப்பல்ல. கடைசியில் என்னையும் அதே டேனரியில் டிரம் செக்ஷனில் சேர்த்துவிட்டார்.

வெளியூர் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன். டிரம் என்பது ஒரு சின்ன அறை அளவுள்ள மரப் பீப்பாய். தோலையும் மருந்துத் தண்ணீரையும் உள்ளே போட்டுக் கதவை மூடினால், மோட்டார் அதைச் சுழற்றும். தோலைப் புரட்டுவதற்காக உட்புறம் கனமான மர முளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். அது சுற்றும்போது உள்ளே மனிதன் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை.

அண்ணன் சேர்ந்த காலத்தில் இதற்கு ஒரே ஒரு பாதுகாப்புதான் இருந்தது. சுவிட்ச் போடுகிறவர், உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கதவருகே மூன்று முறை குரல் கொடுப்பார். பதில் வராவிட்டால் போட்டுவிடுவார். அப்படி மூன்று முறை குரல் கொடுத்துத்தான் அண்ணனும் ஒரு நாள் சுவிட்சைப் போட்டார். உள்ளே இருந்தவருக்கு ஒரு கால் போய்விட்டது. வழக்கப்படிதானே செய்தார் என்று எல்லோரும் சொன்னார்கள். காலை இழந்தவரே சொன்னார். அண்ணன் மனம் மட்டும் ஒப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்த மனிதர் வீட்டுக்குப் போய்வருவார். எதற்காகப் போகிறார் என்று வெகுநாள் வரை எங்களுக்கே தெரியாது.

பிறகு, எங்களிடம் தோல் வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் கேட்டதால் பூட்டு முறை வந்தது. மற்றவர்களுக்கு அது ஒரு தலைவலி. அண்ணனுக்கோ தீபாவளி! டிரம்முக்குள் போகிற ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சை அணைத்த நிலையில் தன் சொந்தப் பூட்டை அதில் மாட்ட வேண்டும். பெயரும் போட்டோவும் உள்ள அட்டை கூடவே தொங்கும். சாவி அவரவர் பையில். நாலு பேர் போனால் நாலு பூட்டு. நாலும் கழன்றால்தான் மோட்டார் ஓடும். மாற்றுச் சாவி ஒன்று ஆபீசில் இருக்கட்டுமே என்று யோசனை சொன்னவர்களிடம் சண்டைக்கே போனார். வீட்டுக்கு வந்து சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, அண்ணியாருக்கு அலமாரிக் கதவில் பூட்டை மாட்டி விளக்கிக் காட்டினார்.

அந்த முறைக்கு முதல் எதிரி நான்தான். வேலை முடிந்ததும் பூட்டைக் கழற்ற மறந்து, சாவியோடு வீட்டுக்குப் போய்விடுவேன். இரண்டு முறை அப்படி ஆனது. இரண்டு முறையும் ஆள் அனுப்பி என்னைப் பாதிச் சாப்பாட்டில் இழுத்துவந்தார்கள். தம்பியால் அண்ணனுக்குத் தலைகுனிவு.

எங்கள் டேனரியில் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகைக்காக மதியம் மிஷின்கள் நிற்கும். பாதிப் பேர் மசூதிக்குப் போய்விடுவார்கள். ரிப்பேர் வேலைகளை அந்த நேரத்தில்தான் வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு வருடங்களுக்கு முன், மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் நாங்கள் நாலு பேர் பூட்டு மாட்டிவிட்டு, கழுவி வைத்த ஒரு டிரம்முக்குள் இறங்கி உடைந்த முளைகளை மாற்றினோம். கதவருகே பெரிய ஃபேன் ஒன்று இரைச்சலோடு உள்ளே காற்றை அடித்துக்கொண்டிருந்தது. வேலை முடிந்து மூவர் வெளியேறிப் பூட்டைக் கழற்றிக்கொண்டார்கள். சுத்தியலைத் தேடி எடுத்துவருகிறேன் என்று நான் பின்தங்கினேன். அன்றைக்கு ஒரு கல்யாண வீட்டு பிரியாணி வயிற்றில் கொஞ்சம் ஜாஸ்தி. வெளியே நம் ஜில்லாவின் வெயில். ஊரிலேயே குளுகுளுவென்று இருந்த ஒரே இடம் அந்த டிரம்தான். ஐந்து நிமிஷம் என்று ஓரமாகச் சாய்ந்தேன். சாய்ந்தவன் சாய்ந்தவன்தான்.

இனி நடந்தது சூப்பர்வைசர் ரஹீம் பாய் சொல்லி நான் அறிந்தது. இரண்டு மணிக்கு எல்லோரும் திரும்பினார்கள். போட வேண்டிய தோல் வெளியே குவிந்து கிடக்கிறது. வெயிலில் விட்டால் அழுகிவிடும். சுவிட்சில் என் பூட்டு மட்டும் தொங்குகிறது. மறுபடியும் இவனா என்று கூட்டமே சிரித்ததாம். ஸ்டாண்டில் என் வண்டியும் இல்லை. தோஸ்த் ஒருவன் வாங்கிப் போயிருந்தான். பாய் டிரம் கதவில் தலையை நீட்டி மூன்று முறை குரல் கொடுத்தார். உள்ளே இருட்டு, ஃபேன் இரைச்சல், பதில் இல்லை. பூட்டை வெட்டக் கட்டரை எடுத்தார். பாய் நல்ல மனிதர். என் பேர்தான் அப்படிக் கெட்டிருந்தது.

அண்ணன் ஓடிவந்து என் பூட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு நின்றார்.

"இன்னாபா, உன் தம்பிய உனக்குத் தெரியாதா? வீட்ல தூங்கினு இருப்பான். தோல் எல்லாம் போய்டும்பா" என்றார் பாய்.

"போனா போவட்டும் பாய். பதில் வரலன்னா ஆள் இல்லன்னு அர்த்தம் இல்ல. அது எனக்குத் தெரியும்."

பாய்க்கும் அந்தப் பழைய கதை தெரியும். கட்டரைக் கீழே வைத்துவிட்டார். அண்ணன் என் பூட்டுக்குப் பக்கத்தில் தன் பூட்டையும் மாட்டிவிட்டு, டார்ச்சோடு உள்ளே ஏறினார். நாலடி வைப்பதற்குள் என் மேல் இடறினார்.

கண் விழித்தபோது முகத்தில் வெளிச்சம். செத்தேன், இன்றைக்கு அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் என்னைத் திட்டக்கூட இல்லை. என் கால்களைத் தடவிப் பார்த்தார். ஒன்றை, பிறகு இன்னொன்றை. அப்படியே உட்கார்ந்து அழுதார். எங்கள் அண்ணன் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வெளியே வந்ததும், "உன் பூட்டு, நீயே தொற" என்றார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சாவி துளைக்குள் போகவே மாட்டேன் என்கிறது. யாரோ உதவ வந்தார்கள், அண்ணன் விடவில்லை. நான் திறக்கும் வரை நின்றார். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. அந்த நாளிலிருந்து நான் பூட்டையும் மறந்ததில்லை, டிரம்முக்குள் தலை சாய்த்ததும் இல்லை.

ஓய்வு பெறும் வயதுகூட ஆகாமல் அண்ணனுக்கு இதயம் பழுதானது. வேலூர் ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு போகும்போது, வராந்தாவில் ஒருவர் லிஃப்ட்டின் கரன்ட் பெட்டியைத் திறந்து வேலை செய்துகொண்டிருந்தார். அண்ணன் ஆக்சிஜன் மாஸ்க்கை விலக்கிவிட்டு, "தம்பி, பூட்டு எங்கப்பா?" என்றார். அந்த மனிதர் போய்ப் பூட்டை எடுத்துவந்து மாட்டிய பிறகுதான் ஸ்ட்ரெச்சர் நகர்ந்தது! மூன்றாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், அந்த நாட்களில் எங்களுக்குச் சோறு போட்ட வேலூர் சத்துவாச்சாரியிலுள்ள சித்தி குடும்பத்தாருக்கும், வேலையை நிறுத்திவிட்டு இறுதி ஊர்வலத்துக்கு வந்த டேனரித் தோழர்களுக்கும், பாடைக்குத் தோள் கொடுத்த ரஹீம் பாய்க்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணமாகி நாலு மாதம்தான். இன்றைக்கு என் மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். இந்தக் கட்டுரைக்கு எழுத்துப் பிழை பார்த்தவளும் அவள்தான். படித்து முடித்துவிட்டு, அது எந்த வருடம் நடந்தது என்று கேட்டாள். சொன்னேன். தன் வயதை வைத்து விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள். பிறகு கடைசி வரியைத் தானே எழுதுவதாகச் சொல்லிப் பேனாவை வாங்கிக்கொண்டாள். அவள் எழுதியதை அப்படியே அச்சடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

நான் பிறந்ததுக்கு நன்றி, பெரியப்பா.