ஒரே அண்டா

நவம்பர் வந்துவிட்டால் ஆர்லீன் ருவோனாவின் கொட்டகையில் மான் தொங்கும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள் அவள். எழுபது தாண்டியும் விடிவதற்கு முன் துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். சாலைக்கு எதிர்ப்புறம் அவள் கொழுந்தன் வெய்க்கோ தனியாக இருந்தான். அவள் சுட்ட மான், அவன் சுட்ட மான் இரண்டும் ஒரே அண்டாவில்தான் கலந்து அரைபடும். பிறகு இரண்டு வீட்டுக்கும் பங்கு போகும். செத்துப்போன அவள் கணவன் ரேமண்ட் வைத்த வழக்கம் அது. "யார் சுட்டாங்கன்னு மானுக்கே தெரியாது, வயித்துக்கு மட்டும் எப்படித் தெரியும்?" என்பான்.

அந்த வருடம் மகள் டார்லா ஆறு மாதக் கர்ப்பம். மருமகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டதால் அம்மா வீட்டில் இருந்தாள். ஏற்கெனவே இரண்டு கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. ஈயத் தோட்டாவில் சுட்ட கறி கூடாது என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஈயம் மானின் உடம்புக்குள் சிதறிவிடும், துணுக்குகள் பல்லில்கூடப் படாது, பிள்ளையின் மூளைக்கு ஆகாது. செம்பு அப்படிச் சிதறாது.

ஆர்லீன் இதில் பேரம் பேசவில்லை. செம்புத் தோட்டா வாங்கினாள். சரளைக் குழியில் அட்டையை நட்டு, குறி நேராகும்வரை சுட்டாள். அப்புறம்தான் வெய்க்கோவிடம் சொன்னாள்.

"நாம காலம் பூரா ஈயத்துல சுட்டதைத்தானே தின்னோம், மதனி. எனக்கென்ன, மூளை குறைஞ்சா போச்சு?"

"அதை உன்னை எதிர்ல வெச்சுக்கிட்டு நான் சொல்ல மாட்டேன்."

அவனுக்குச் சுருக்கென்றது. "அப்ப உன் மானை நீ தனியா அரைச்சுக்க. என்னுதை நான் அரைச்சுக்கறேன்."

சமையலறையிலிருந்து டார்லா எட்டிப் பார்த்தாள். "ரெண்டு அண்டாவா, சித்தப்பா? அப்பா இருந்தா உங்களை வீட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டார்."

வெய்க்கோ தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கையை நீட்டினான். "குடு அந்தத் தோட்டா டப்பாவை. செம்புலயே சுடறேன். போதுமா?"

"முதல்ல அட்டையில சுட்டுப் பாரு. உன் துப்பாக்கியில குறி ஈயத்துக்குன்னு வெச்சது. செம்பு வேற பக்கம் போகும்."

"இந்தத் துப்பாக்கி என்னைவிடப் புத்திசாலி."

"அது ஒண்ணும் பெரிய விஷயமில்லையே."

டார்லா சிரித்தாள். அவனும் சிரித்தான். ஆனால் அட்டையில் சுட்டுப் பார்க்கவில்லை. விவரம் தெரிந்ததிலிருந்து கையில் இருக்கும் துப்பாக்கியைச் சோதிப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல்.

ஆர்லீனுக்குச் சின்னப் பெட்டை மான் ஒன்று விழுந்தது. ஒரே தோட்டா, விலாவில். வெய்க்கோ ஒவ்வொரு சாயங்காலமும் வெறுங்கையோடு திரும்பினான். வேட்டைக்காலத்தின் கடைசி நாளில், பனியில் சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு, பெரிய கிடா மான் ஒன்றோடு வந்து நின்றான்.

"செம்புதானே?" என்று கேட்டாள் ஆர்லீன்.

"செம்புதான்," என்று கயிற்றை அவிழ்த்தபடி சொன்னான். முகத்தைத் திருப்பவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, முழங்கால் வேறு அவனுக்குச் சரியில்லை. அவள் மேற்கொண்டு கேட்கவில்லை.

மான் சில நாள் குளிரில் தொங்கியது. அரைக்கிற அன்று ஆர்லீன் மெஷினில் துண்டு துண்டாகப் போட, வெய்க்கோ வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்ட உட்கார்ந்தான். அவள் மான் முழுக்க அரைபட்டு அண்டாவில் கிடந்தது. பன்றிக் கொழுப்பும் சேர்ந்தாயிற்று. கிடாவின் முன்தொடையும் பாதி உள்ளே போய்க் கலந்துவிட்டது. அடுத்த துண்டைக் கையில் எடுத்தவளுக்கு விரலில் ஏதோ நெருடியது. சாம்பல் நிறத்தில், கடுகைவிடச் சின்னது. நகத்தால் அழுத்தினாள். அமுங்கியது. பொட்டலத் தாளில் வைத்துத் தேய்த்தாள். பென்சிலால் கிழித்த மாதிரி கோடு விழுந்தது.

மெஷினை நிறுத்தினாள். "வெய்க்கோ."

அவன் கோட்டைப் பார்த்தான். முடிந்துகொண்டிருந்த நூலைக் கீழே வைத்தான்.

"செம்பு எல்லாம் தப்பிப் போச்சு, மதனி. நல்லாப் பக்கத்துலேயே நின்ன மான் ரெண்டு. நீ சொன்ன மாதிரியே வேற பக்கம் போச்சு. கடைசி நாளு. கோட்டுப் பையில பழைய தோட்டா ஒண்ணு கிடந்துது. புள்ளைத்தாச்சிக்குக் கறி வேணுமேன்னு…"

"கேட்டப்ப செம்புன்னு சொன்னியே."

"வெறுங்கையோட உன் வாசல்ல வந்து நிக்க முடியலை."

"வெறுங்கையோட வந்திருந்தா என் மானாவது மிஞ்சியிருக்கும்."

அவள் குரலை உயர்த்தவில்லை.

"காட்டுல கொட்டிரட்டுமா?" என்றான் அண்டாவைப் பார்த்தபடி.

"கழுகு தின்னும். அதுக்கு மட்டும் ஈயம் ஆகுமா?"

அண்டாவை அவனே தூக்கினான். வயதான முதுகு வளைந்து, இரண்டு இடத்தில் நின்று நின்று, சாலையைக் கடந்து தன் வீட்டுக்குக் கொண்டுபோனான். ஆர்லீன் உதவப் போகவில்லை. மெஷினைப் பிரித்து, கொதிநீரில் போட்டுத் தேய்த்தாள். மேசையைத் தேய்த்தாள். நகக்கண்ணையும் விடவில்லை.

அந்தக் குளிர்காலம் அவர்கள் வீட்டில் கடைக்கோழிதான், அதுவும் தினமும் இல்லை. பல நாள் உருளைக்கிழங்கும் பீன்ஸும். டார்லா பசியோடு எழுந்து ஃப்ரீசரைத் திறந்து பார்த்துவிட்டு மூடுவாள். சனிக்கிழமை சாப்பாட்டுக்கு வெய்க்கோ வருவதை நிறுத்திவிட்டான்.

"சித்தப்பாவைக் கூப்பிடும்மா. நான் கோவிச்சுக்கலைன்னு சொல்லு."

"எத்தனை தடவை சொல்றது? முழங்கால் வலியாம்."

சாலையில் பனி மதில்போல் ஏறிய ஒரு மத்தியானம், டார்லாவுக்குச் சூப் ஊற்றிக் கொடுத்துவிட்டு ஆர்லீன் எதிர்வீட்டுக்குப் போனாள். கதவைத் தட்டாமல் திறந்தாள். வெய்க்கோ சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அரைத்த கறியைத் தட்டிப் பொரித்திருந்தான். ஒவ்வொரு கவளத்தையும் நாக்கால் துழாவித் துழாவி மெதுவாக மென்றான். பக்கத்தில் காப்பிச் சாஸர். அதில் சாம்பல் நிறத் துணுக்குகள் சில.

இளைத்திருந்தான். சட்டைக் கழுத்து தொளதொளவென்று நின்றது.

"எல்லாத்தையும் நீ ஒருத்தனேவா தின்னு தீர்க்கப்போறே?"

"வேற யார் தின்னுவா?"

அவள் கோட்டைக் கழற்றவில்லை. துணுக்குகளைத் தாளில் கொட்டி மடித்தாள். சாஸரைச் சோப்புப் போட்டுக் கழுவினாள்.

"சனிக்கிழமை வா," என்றாள். "கோழிதான் இருக்கும். வெறுங்கையோட வா."

அவன் மென்றதை விழுங்கினான். சனிக்கிழமை ஆர்லீன் மூன்று தட்டு வைத்தாள். கோழிச் சூப் ஆறும்வரை வாசலைப் பார்த்துவிட்டு, ஒரு தட்டை எடுத்து அலமாரியில் வைத்தாள்.