தாடையின் அடியில் தலைகீழாக ஒரு பல்

முதலில் வந்தது வலி இல்லை. இடது தாடையோரம் லேசான வீக்கம், அவ்வளவுதான். தொண்ணூறுகளின் தொடக்கம். சிட்லபாக்கத்தில் குடியிருந்தோம். பள்ளியில் பாடம் நடத்தும்போது கை தானாக அங்கே போய்விடும்.

"சொத்தைப் பல்லா இருக்கும். தாம்பரம் போய்ப் பிடுங்கிட்டு வந்துடலாம்," என்றார் கணவர்.

தாம்பரத்துப் பல் டாக்டர் பார்த்தார். சொத்தையே இல்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தவர், மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஞானப்பல் (கடைசியாக முளைக்கும் கடைவாய்ப்பல்) தாடை எலும்பின் அடி விளிம்பில் தலைகீழாகக் கிடந்தது. அதைச் சுற்றி ஒரு நீர்க்கட்டி (திரவம் நிறைந்த பை).

பஞ்சால் என் கீழுதட்டைத் தொட்டார். வலப்பக்கம் தெரிந்தது. இடப்பக்கம் தெரியவில்லை.

"எவ்ளோ நாளா மரத்துப் போயிருக்கும்மா? காபி குடிக்கும்போது டம்ளர் படறது தெரியலையா?"

"எங்க வீட்ல யாரும் வாய் வெச்சுக் குடிக்க மாட்டோம் டாக்டர். தூக்கித்தான் குடிப்போம்."

எச்சில் படாமல் குடிப்பதில் எனக்கு அத்தனை பெருமை! அந்தப் பெருமைதான் நோயை மறைத்து வைத்திருந்தது. நீங்களும் அப்படிக் குடிப்பவரானால், அவ்வப்போது உதட்டை விரலால் தொட்டுப் பாருங்கள்.

"கட்டி நரம்பை அழுத்துது. வெறும் நீர்க்கட்டியா, வேற எதாவதான்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

அந்த 'வேற எதாவது' பஸ்ஸில் வீடுவரை கூடவே வந்தது. பயந்து செத்தேன்.

நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில், தாடைக்குக் கீழே வெளிப்புறமாகக் கீறி, பல்லையும் கட்டியையும் எடுத்தார்கள். பயாப்ஸி (எடுத்த சதையைச் சோதிப்பது) முடிவு வரும்வரை கணவர் என்னிடம் ஒரு சண்டைகூடப் போடவில்லை. அதைவிடப் பீதி தருவது வேறொன்றும் இல்லை.

புற்று இல்லை என்று வந்தது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உதடு?" என்று கேட்டேன்.

"நரம்புல உணர்ச்சி மெதுவாத்தாம்மா வரும். வராமலும் போகலாம்," என்றார் அறுவை டாக்டர்.

காத்திருந்தேன். மாதங்கள் போயின. வீக்கம் வடிந்தது, தையல் தழும்பு மங்கியது. உதடு மட்டும் யாருடையதோ போல முகத்தில் இருந்தது.

ஒரு காலை, பள்ளிக்குக் கிளம்பிய என் சிறு மகளுக்கு முத்தம் கொடுத்தேன். அவள் கன்னத்தில் ரத்தம். பதறிப்போய் அவள் முகத்தைத் திருப்பித் திருப்பிக் காயத்தைத் தேடினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றாள் பயந்துபோய். "நீதான் உதட்டைக் கடிச்சிருக்கே."

கண்ணாடியில் பார்த்தேன். இட்லி தின்னும்போது ஆழமாகக் கடித்திருக்கிறேன். பார்த்த பிறகும் வலிக்கவில்லை.