எவர்சில்வரைத் தின்ற வழுக்கல்

ஆய்வுக்கூட உதவியாளன் வேலையில் பாதி கழுவுவது. மீதி, கழுவக் கூடாததை வேறு யாரும் கழுவிவிடாமல் காப்பது. பீக்கரும் பிரஷ்ஷுமாகக் காலம் தள்ளும் சக ஜீவன்களே, உங்களுக்கு இது புரியும். தென்காசிப் பக்கம் ஒரு கல்லூரியில் எனக்கு ஒப்பந்த வேலை. கடல் தண்ணீரில் கிருமிகள் உலோகத்தை எப்படி அரிக்கின்றன என்பது எங்கள் மேடத்தின் ஆராய்ச்சி. பணம் தருகிறவர்கள் அனுப்பும் பார்வைக் குழு வந்து பார்த்துத் தலையாட்டினால் ஆராய்ச்சியும் நீளும், என் வேலையும் நீளும். இல்லாவிட்டால் இரண்டும் அன்றோடு சரி.

கேனும் கண்டக்டரும்

கடலுக்கும் தென்காசிக்கும் சம்பந்தமே கிடையாது என்பதுதான் முதல் சிக்கல். பதினைந்து நாளுக்கு ஒருமுறை திருச்செந்தூர் போய், இரண்டு கேன் கடல் தண்ணீர் பிடித்து பஸ்ஸில் கொண்டு வருவேன். குற்றால சீசன் நேரத்தில் ஒரு நாள் பஸ் முழுக்க அருவியில் குளிக்கப் போகிற கூட்டம். கேன் கசிந்து ஒருவருடைய வேட்டி நனைந்துவிட்டது. கண்டக்டர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஊரே தண்ணியத் தேடிக் குத்தாலத்துக்குப் போவுது. நீரு என்னடான்னா இம்புட்டுத் தூரம் உப்புத் தண்ணியத் தூக்கிட்டு வாறீரு. நல்லா இருப்பீரு அண்ணாச்சி!"

அழுகின முட்டை

எங்களிடம் இரண்டு கண்ணாடித் தொட்டிகள். ஒன்றில் கடல் தண்ணீர் அப்படியே. இன்னொன்றில் அதே தண்ணீர், கிருமி சாக வேகவைத்து ஆற்றியது. ஒவ்வொன்றிலும் எண் பொறித்த நான்கு எவர்சில்வர் தகடுகள் நைலான் நூலில் தொங்கும். முதல் தொட்டித் தகடுகளில் ஒரு வாரத்திலேயே வழுக்கல் ஏறிவிட்டது. ஐந்தருவிப் பாறையில் கால் வைத்து விழுந்தவர்களுக்கு அந்த வழுக்கலைத் தெரியும். கிருமிகள் கூட்டமாக ஒட்டிக்கொண்டு, தாங்களே ஒரு பசையைக் கக்கி, அதற்குள் குடித்தனம் நடத்துகின்றன. எவர்சில்வரைத் துரு அண்டாமல் காப்பது அதன் மேலுள்ள, கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். அது கிழிந்தால் தன்னைத் தைத்துக்கொள்ளக் காற்று வேண்டும். பசைக்கு அடியில் காற்று ஏது? காற்றே வேண்டாத வேறு சில கிருமிகள் அங்கே புகுந்து கந்தக வாடையைக் கிளப்பிக்கொண்டு அரிப்புக்குத் துணை போகும்.

மூடியைத் திறந்தால் அந்த வாடை வராந்தாவைத் தாண்டிப் போகும். ஒரு மத்தியானம் கேன்டீன் மாஸ்டர் கரண்டியோடு வந்து நின்றார்.

"நாறுதது உம்ம தொட்டி, பேரு கெடுதது என் முட்டை. காலையில இருந்து ஒருத்தனும் ஆம்லெட் கேக்க மாட்டேங்கான்!"

பெரியவங்க வாராங்க

ஏழு மாதம் ஆயிற்று. மறுநாள் பார்வைக் குழு வருகிறது. எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் பரணில் கிடக்கும் தவலை வரைக்கும் இறக்கித் தேய்த்துவிடுவார்கள். துப்புரவு பார்க்கும் சுடலி அக்காவும் அந்த வழக்கத்தில் வந்தவர்தான். நான் கடைத்தெருவுக்குப் போய்த் திரும்புவதற்குள் எட்டுத் தகடுகளும் ஜன்னலோரம் துண்டின் மேல் வரிசையாகப் பளபளத்தன. பக்கத்தில் புளியும் தேங்காய் நாரும்.

அந்த வழுக்கலைத்தான் குழுவுக்குக் காட்டுவதாக இருந்தோம். ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். வேலை போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். அக்காவுக்கோ என் முகம் புரியவில்லை. முதல் தொட்டித் தகடுகளைக் காட்டிக் குறைப்பட்டுக்கொண்டார்.

"பாசியெல்லாம் போயிட்டு தம்பி. இந்த நாலுல மட்டும் புள்ளி புள்ளியாக் கெடக்கு. எம்புட்டுத் தேச்சாலும் போவ மாட்டேங்கு!"

நகம்

மேடத்திடம் சொன்னபோது அவர் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தகடுகளை லென்ஸில் பார்த்தார். எண்ணைச் சரிபார்த்தார். மறுபடி பார்த்தார். மறுநாள் குழுவின் முன்னால் ஒன்றையும் மறைக்கவில்லை: "வழுக்கலைக் கழுவிட்டாங்க சார். அந்தப் பகுதி ஆராய்ச்சியை முதல்ல இருந்து செய்யணும். ஆனா இதைப் பாருங்க."

குழுத் தலைவர் கண்டிப்பானவர். வேகவைத்த தண்ணீரில் கிடந்த தகட்டின் மேல் நகத்தை ஓட்டினார், வழுக்கிக்கொண்டு போயிற்று. வேகவைக்காத கடல் தண்ணீரில் கிடந்ததில் ஓட்டினார். நகம் குழியில் மாட்டி நின்றது. இன்னொரு குழி. அதற்கப்புறம் இன்னொன்று. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மேடத்தைப் பார்த்தார்.

"வழுக்கலோட காட்டியிருந்தீங்கன்னா மூக்கைப் பொத்திட்டுப் போயிருப்பேன். இன்னும் ஒரு வருஷம் செய்யுங்க. முதல்ல அந்தக் கதவுக்கு ஒரு பூட்டு வாங்குங்க!"

அன்று சாயங்காலம் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது. வாசலில் நின்ற சுடலி அக்காவிடம் நடந்ததை விளக்கினேன். கண்ணுக்கே தெரியாத கிருமிதான் தகட்டைக் குடைந்தது என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏழு மாசம் தேய்க்காமப் போட்டா எதுதான் வெளங்கும்? எங்கிட்ட முன்னமே சொல்லியிருக்கலாம்லா!"

இப்போது தொட்டிகளில் புதுத் தகடுகள் ஊறுகின்றன, சாவி என் இடுப்பில் இருக்கிறது, 'கழுவக் கூடாது' என்று எழுதிக் கதவில் மாட்டிய பலகையை மட்டும் சுடலி அக்கா தினமும் தேய்த்துத் துடைக்கிறார், எழுத்து இன்னும் ஒரு வாரம் தாங்கும்.